சத்தம் போடாத மோட்டார்

மூன்று வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் அம்மாவின் கம்பெனி இருந்தது.

கம்பெனி என்றால் நாலு பெரிய தாள், இரண்டு பேனா, ஒரு மின்சார மோட்டார். அவ்வளவுதான். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அம்மா ஒரு பெரிய ஆலையில் மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டுத் தன் தம்பியோடு, அதாவது என் மாமாவோடு, புதிதாக ஒரு தொழில் தொடங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களை வாங்கி, கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பொருத்திக் கொடுக்கும் தொழில்.

"பழைய மோட்டாருக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"பழசு நிறைய சாப்பிடும். சாப்பிட்டதுல கொஞ்சத்தை வேலைக்கே செலவு பண்ணாம, சூடாகறதுக்கும் கத்தறதுக்கும் வீணாக்கும். உங்க மாமா மாதிரி."

"அக்கா, சின்னப் புள்ள முன்னாடி மானத்தை வாங்காதே," என்றார் மாமா, மூன்றாவது தோசையை மடித்தபடி.

முதல் தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'நாள் முழுக்க மோட்டார் ஓடுகிற இடம் எது?' பதில் தேடி அம்மாவும் நானும் மாலையில் தெருத்தெருவாக நடந்தோம். மூடிய கதவுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே உறுமல் கேட்கிறதா என்று கவனிப்போம். அதில் நான் கெட்டிக்காரி. அதிகம் பேசாதவளுக்குக் காது நன்றாக வேலை செய்யும். வகுப்பில்தான் அது யாருக்கும் புரிவதில்லை. நான் சும்மா இருந்தால் டீச்சர், "என்ன, தூக்கமா?" என்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காதெல்லாம் சுடும்.

பதினோரு இடங்கள் கிடைத்தன. முதலில் சம்மதித்தவர் மூலையில் இருந்த சலவைக்கடை முதலாளி. அவரிடம் மூன்று பெரிய துவைக்கும் இயந்திரங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் எங்கள் மோட்டாரைப் பொருத்தி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர், "அவர் நல்லாருக்குன்னு சொன்னா எனக்கும் போடுங்க," என்று காத்திருந்தார்.

இதற்கிடையில் ஆலையிலிருந்து போன் வந்தது. திரும்பி வருவதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். அப்புறம் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அம்மா போனை வைத்துவிட்டு நாலு தாள்களையும் ஒழுங்காக அடுக்கினாள். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

சனிக்கிழமை காலை சலவைக்கடை முதலாளி கூப்பிட்டார்.

"உங்க மோட்டார் அடிக்கடி நின்னு போகுதும்மா. மதியத்துக்குள்ள கழட்டிட்டு, பழையதையே மாட்டிக் கொடுத்துடுங்க."

மூவரும் ஓடினோம். அம்மா ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள். மாமா மூடியைத் திறந்து மூடினார். அரை மணி நேரம் இருவரும் இயந்திரத்தின் முன்னாலேயே நின்றார்கள். அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப் போற மாதிரி இருக்கு," என்றார் முதலாளி. "நீங்க போனதும் மறுபடி நின்னுடும். எனக்கு வேண்டாம்மா."

பேசிப் பார்க்கலாம் என்று அம்மாவும் மாமாவும் அவரோடு முன்னறைக்குப் போனார்கள். நான் அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அம்மா இனி அந்த ஆலைக்கே போய்விடுவாளா? நினைக்கவே பிடிக்கவில்லை. அதனால் எதிரே இருந்ததைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எதிரே, துணி மடிக்கும் அக்கா இருந்தார். பெரிய கைகள். ஒரு போர்வையை நாலே அசைவில் மடித்துவிடுவார். அவருடைய மேசை சுவரை ஒட்டி இருந்ததால், இயந்திரங்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். பக்கத்துத் தூணில் மூன்று பொத்தான்கள். ஒருமுறை அழுத்தினால் இயந்திரம் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

அக்கா திடீரென்று தலையைச் சாய்த்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, முழங்கையால் ஒரு பொத்தானை இடித்தார்.

எங்கள் மோட்டார் மெதுவாக நின்றது.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தலையைச் சாய்த்தார். மறுபடி முழங்கை. மோட்டார் ஓட ஆரம்பித்தது.

எழுந்து முன்னறைக்கு ஓடியிருப்பேன். இரண்டடி வைத்துவிட்டு நின்றேன். முதலாளி வருவார், எல்லோர் முன்னாலும் அக்காவைத் திட்டுவார். அக்காவின் காதும் சுடும்.

அதனால் அக்காவிடமே போனேன்.

"அக்கா, எதுக்கு அந்தப் பொத்தானை இடிக்கிறீங்க?"

"அது நின்னு நின்னு போகுதும்மா. அதான் போட்டு விடறேன். காலையிலேருந்து எத்தனை தடவை தெரியுமா? உங்க அம்மா பக்கத்துல நின்னப்பதான் தொடாம விட்டேன்."

"பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு? மூணு உறுமல் கேட்டா மூணும் ஓடுது. ரெண்டு கேட்டா ஒண்ணு நின்னுடுச்சு. பதினெட்டு வருஷமா இப்படித்தான்."

"அக்கா, இந்த மேசையை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடலாமா? அஞ்சே நிமிஷம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"உன் சும்மாவுக்கு என் இடுப்பு போகணுமா? சரி, அந்த முனையைப் பிடி."

தள்ளினோம். அக்கா இப்போது இயந்திரங்களைப் பார்த்து நின்று மடித்தார். முதல் போர்வை. இரண்டாவது போர்வை. தலை சாய்ந்தது. முழங்கை தூணை நோக்கிப் போனது.

ஆனால் கண்ணெதிரே எங்கள் இயந்திரம் சத்தமே இல்லாமல், துணிகளோடு அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது.

முழங்கை அந்தரத்தில் நின்றது. அக்கா இயந்திரத்தைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி," என்று தன்னையே சொல்லிக்கொண்டார். "ஓடறதை நானே நிறுத்திட்டு, நிக்குதுன்னு நானே புகார் சொல்லியிருக்கேன்."

சிரிக்க ஆரம்பித்தார். மேசையே குலுங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக் கதவைத் திறந்தார். "முதலாளி, இங்க வாங்க. ஒரு வேடிக்கை காட்டறேன்."

தலையைச் சாய்ப்பது, முழங்கையால் இடிப்பது, எல்லாவற்றையும் அக்கா நடித்துக் காட்டினார். முதலாளி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். இரண்டாவது இடியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "யார் வாங்குவாங்க, யார் பொருத்துவாங்க, எல்லாம் எழுதினோம். பக்கத்துல நின்னு வேலை செய்றது யாருன்னு எழுதவே இல்லையே, அக்கா."

"இப்ப எழுது," என்றாள் அம்மா. பிறகு துணி மடிக்கும் அக்காவிடம் சொன்னாள்: "ஓடும்போது எரியற மாதிரி ஒரு பச்சை விளக்கு வச்சுத் தரேன். மேசையைப் பழைய இடத்துலயே போட்டுக்கலாம்."

"விளக்கு வையுங்க. ஆனா மேசை இப்படியே இருக்கட்டும். பதினெட்டு வருஷமா சுவரைப் பார்த்தே மடிச்சாச்சு. இங்கேருந்து பார்த்தா தெரு தெரியுது."

முதலாளி மற்ற இரண்டு இயந்திரங்களையும் காட்டினார். "இதுங்களுக்கும் உங்க மோட்டாரே போட்டுடுங்க. ரொட்டிக்கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அம்மா உடனே போனை எடுத்தாள். ஆலைக்குத்தான்.

"நான் வரலை," என்றாள். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. "வரலை. வ-ர-லை," என்று கத்தினாள். இரண்டு பழைய மோட்டார்களும் அவளைவிடச் சத்தமாகக் கத்தின.

துணி மடிக்கும் அக்கா முழங்கையை நீட்டி, ஒன்று, இரண்டு என்று அவற்றை நிறுத்தினார்.

"நான் திரும்பி வரலைங்க," என்றாள் அம்மா மெதுவாக. "எனக்கு இங்க நிறைய வேலை இருக்கு."

அந்த அறையில் அப்போது எங்கள் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.