நாற்பது நாளாகத் தொடாதவை

குடை மாட்டும் ஆணி சுவரில் இல்லை. குடையைக் காணவில்லை என்றால் எங்கேயோ மறந்து வைத்துவிட்டோம் என்று விட்டுவிடலாம். ஆணி எங்கே போகும்? மூத்தவள் அருகே போய் விரலால் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, துரு இறங்கிய கறை இல்லை. அந்த இடத்தில் யாரும் என்றைக்கும் சுத்தியலைத் தூக்கியதே இல்லை என்பதுபோலச் சுவர் வழவழவென்று இருந்தது.

பிற்பகல் மூன்றரை மணி வெயில் தரையில் கிடந்தது. மேசையில் கணினி உர்ரென்று இரைந்துகொண்டு, சூடேறிய தூசியின் நெடியை அறை முழுக்கப் பரப்பியது. நீலத் திரையில் ஒரே வாசகம்: புதுப்பிப்பு நடைபெறுகிறது. 31 சதவீதம். அணைக்க வேண்டாம்.

அந்த வீட்டில் அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் கணினி ஒன்றுதான். மாலை ஆறு மணிவரை மூத்தவள் அதில் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவாள். ஆறுக்கு மேல் இளையவள் வீட்டு வரைபடம் வரைவாள். புதுப்பிக்கச் சொல்லித் தினமும் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். யார் வீட்டு எழவோ என்று இருவரும் ‘பிறகு’ என்பதை அழுத்தி, அடுத்தவள் தலையில் கட்டிவிட்டு எழுந்து போவார்கள். மாதக்கணக்கில் இப்படி ஓடியது. நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் மூத்தவள் குளிக்கப் போன நேரத்தில் கணினி தானாகவே அணைந்து எழுந்தது. சேமிக்காத மூன்று பாடங்கள் போய்விட்டன.

“கூட இருந்தே குழி பறிக்கிறே” என்றாள் மூத்தவள்.

“நான் அதைத் தொடவே இல்ல. சேமிக்காம எழுந்து போனது என் குத்தமா?” என்றாள் இளையவள்.

அத்தோடு பேச்சு நின்றது. உன் அறைக் கதவில் கை வைத்தால் என்னை மனுஷியாக மதிக்காதே என்று மூத்தவள் சொல்லிவிட்டாள், சொன்னபடியே இருந்தாள். சமையலறைக்குக்கூட நேரம் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுதான் இல்லையே தவிர, காது அந்தப் பக்கமே கிடந்தது. இளையவளின் அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ‘கிறீச்’ என்னும். அதைக் கேட்டால்தான் மூத்தவளுக்குத் தூக்கமே வரும். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இன்றைக்கு வந்த பெட்டியில் ‘பிறகு’ இல்லை. நான்கு பக்கம் வந்தது; நான்கு முறை ‘சம்மதம்’ என்று அழுத்தினாள். அடுத்தவர் எழுத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பவிடாதவள், தனக்கு வந்ததில் ஒரு வரியையும் படிக்கவில்லை. ஊரே அப்படித்தான் அழுத்துகிறது. ஆனால் ஊரே பிழை திருத்திப் பிழைக்கவில்லையே.

47 சதவீதம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருக்கும். இப்போது ஒன்றுதான் இருந்தது, அவள் உட்காருவது. மற்ற இரண்டும் நின்ற இடத்தில் தரையில் கீறல்கூட இல்லை. திருடன் வந்தான் என்று நினைக்க அவள் ஆசைப்பட்டாள். திருடன் கீறலைத் தூக்கிக்கொண்டு போவானா?

சமையலறைக்குள் போனாள். அவள் தினமும் எடுக்கும் தேயிலை டப்பா இருந்தது, சர்க்கரை இருந்தது, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மேல் அலமாரி இல்லை. அலமாரியில் இருந்தவை மட்டுமல்ல, அலமாரியே இல்லை. வாசனைகள்கூடக் குறைந்திருந்தன. தேயிலை மட்டும் மணத்தது.

அப்போதுதான் அது கண்ணுக்குள் எழுந்தது. பிழை திருத்துகிறவளின் கண் படிக்காததையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், முன்கூட்டியே சரிக்குறி போட்ட ஒரு கட்டம்: ‘நாற்பது நாளாகத் தாங்கள் தொடாதவற்றை அகற்றி இடம் உண்டாக்கப்படும்.’

எழுத்துப்பிழை எதுவும் இல்லாத வரி.

ஓடி வந்தாள். 72 சதவீதம். அணைக்கும் பொத்தானை அழுத்தினாள், திரை அசையவில்லை. மேசைக்கு அடியில் மண்டியிட்டு மின்செருகியைத் தேடினாள். செருகியை அவள் தொட்டு எத்தனை மாதமோ. செருகி இல்லை, அதைச் செருகும் துளைகளும் இல்லை. கம்பி நேராகச் சுவருக்குள் போயிற்று, மண்ணுக்குள் வேர் போவதுபோல. இழுத்தாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம்.

79.

நாற்பது நாளாகத் தான் தொடாதது வேறு என்ன?

கூடத்தின் கோடிக்கு ஓடினாள். இளையவளின் கதவு இருந்தது. பழுப்பு நிறக் கதவு, பித்தளைப் பிடி. உள்ளே விசிறி கிறீச்சிட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

பிறகு சத்தம் இல்லை.

“சின்னு” என்று கூப்பிட்டாள். நாற்பத்தொரு நாளாகச் சொல்லாத பேர். “சின்னு, இருக்கியா?”

கதவைத் தொடாமல் காதை அதன் அருகே கொண்டுபோனாள்.

“இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?” என்றது உள்ளிருந்து இளையவளின் குரல்.

இருக்கிறாள். கூப்பிட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, இனி இவளை அது அகற்ற முடியாது. மூத்தவள் அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

“உடனே வெளிய வா.”

“எதுக்கு? கரண்ட் போச்சா? விசிறியைக் காணோம் இங்க.”

“சொன்னாக் கேளு. வா.”

“இத்தனை நாள் கழிச்சு வந்து அதிகாரம் வேறயா? வேணும்னா நீ தெறந்துட்டு வா. தாழ்ப்பாள் போடல.”

மூத்தவளின் கை எழுந்தது. பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தப்பு அவள்மேல், இறங்கி வருவது மட்டும் நானா? அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான்.

“நீதான் தெறக்கணும்” என்றாள்.

பின்னால் கணினி இனிமையாக ஒரு மணி அடித்தது.

பாய்ந்தாள். விரல்கள் சுவரில் மோதி மடங்கின. வெள்ளைச் சுவர். சில்லென்ற, வழவழப்பான சுவர். பிடி இல்லை. நிலை இல்லை. விளிம்பு இல்லை.

“அக்கா.” உள்ளே குரல் மாறியிருந்தது. “கதவு எங்க?”

“தேடு. கைய வச்சுத் தேடு.”

“ஜன்னலும் இல்ல. கட்டிலைக் காணோம். ஒண்ணுமே தெரியலக்கா, இருட்டா இருக்கு.”

கையால் அடித்தாள். தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து அடித்தாள். டப்பா நசுங்கியது. சுவரில் ஒரு கோடுகூட விழவில்லை. உள்ளே இளையவளும் தட்டத் தொடங்கினாள். தட்டல் எங்கிருந்து வருகிறதோ அங்கே கன்னத்தை வைத்துக்கொண்டாள் மூத்தவள்.

“நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதே.”

கன்னத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று புகுந்தது.

சாய்ந்திருந்தவள் தடுமாறினாள். ஒரு அடி எடுத்து வைத்து மறுபடி கையை ஊன்றினாள். சுவர் விலகியது. அவசரமில்லாமல், சத்தமில்லாமல், இளையவளின் அறையை நோக்கி. அது விட்டுப்போன இடத்தில் புதுத் தரை பளபளத்தது. கூடம் நீண்டுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். திரையில் மேகமில்லாத வானத்தின் படமும் ஒரு வரியும்: எல்லாம் தயார். இடம் சீராக்கப்படுகிறது.

“அக்கா, பின்னாடி சுவர் இடிக்குது. முன்னாடியும் இடிக்குது.”

மூத்தவள் சுவரோடு நடந்தாள். இரண்டு கையும் அதன்மேல் இருந்தன. இன்னொரு அடி. மறுபக்கத்தில் தட்டலுக்குக் கையை ஓங்க இடமில்லாமல், நகங்கள் மட்டும் பிறாண்டிக்கொண்டிருந்தன. இன்னொரு அடி.