நகராத புள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளமென்ட் கூப்பிடுவது வழக்கம். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் உணவறையில் ஜெனோவா டப்பாவைத் திறந்தபடியே திரையைத் தட்டினாள். கணவனின் முகம் வந்தது. அவள் தலையை வலது தோள்பக்கம் சாய்த்தாள், அவனும் சாய்த்தான். இப்போதெல்லாம் இதுதான் வணக்கம். உயிரோடு இருப்பதை இப்படி நிரூபித்துக்கொண்டு திரிவதில் யாருக்கும் கூச்சமே இல்லாமல் போய்விட்டது.

தலை ஒரு பக்கம் சாய்ந்தால், உயிருள்ள கண் அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சுழலும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பார்க்கும் வேலை அது. அம்மா முகத்தோடும் பிள்ளை குரலோடும் திரையில் வந்து கதவைத் திறக்கச் சொன்ன, உயிரில்லாத போலிகளான நிழலுருக்கள் சிரிப்பு, இருமல், பழைய சண்டை என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டன. இந்தச் சின்னச் சுழற்சி மட்டும் அவற்றுக்குப் பிடிபடவில்லை. கண் சுழலாவிட்டால் பேசாதே, உடனே இணைப்பை அடைத்துவிடு என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

கிளமென்டின் இடது விழியில் ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. ஜெனோவா தினமும் அதைத்தான் பார்ப்பாள். இன்று அது நகரவில்லை.

“இன்னொரு தடவ சாய்ங்க.”

சாய்த்தான். முகத்தோடு சேர்ந்து கண்ணும் அப்படியே சாய்ந்தது.

“ஏட்டி, வீடே ஒருபக்கமாச் சரியுது. நீ ரெண்டா தெரியுத. சீக்கிரம் வா.”

நிழலுருக்கள் இப்படித்தான் அவசரப்படுத்தும்.

“யாரு நீ?”

“நாந்தாம்ட்டி. நம்ம கல்யாணத்தன்னைக்கு மோதிரம் சாக்கடைல விழுந்துச்சே...”

“அதையும் தெரிஞ்சு வச்சிருக்கியா, சனியனே!”

அவன் மறுபடியும் மறுபடியும் தலையைச் சாய்த்துக் காட்டினான். அவள் அடைத்தாள். விதிப்படி வீட்டு இணைப்பும் அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொண்டது; இனி அங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாயங்காலம் போய்க் கிளமென்டிடமே சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்து, சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் திரைக்கு முன்னால் தரையில் கிடந்தான். உயிர் இருந்தது. தலை அப்போதும் வலப்பக்கமே சாய்ந்திருந்தது.

“மூளைத்தண்டுல ரத்த அடைப்பும்மா,” என்றார் மருத்துவர். “காதுல இருந்து கண்ணுக்குப் போற வழி அதுக்குள்ளதான் இருக்கு. மத்தியானமே கொண்டு வந்திருந்தா... இனிமே அந்தச் சுழற்சி திரும்பாது.”

கிளமென்ட் பிழைத்துக்கொண்டான். சுவரைப் பிடித்து நடக்கிறான். குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்கிறான். திரையில் அவன் முகத்தைப் பார்த்ததும் சொந்தத் தம்பியே அடைத்துவிடுகிறான். ஜெனோவா மன்னிப்புக் கேட்டு அழுதாள். “நானா இருந்தாலும் அடைச்சிருப்பேம்ட்டி,” என்றான்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் தலையைச் சாய்க்கிறான். அவள் பார்வை தானாக அந்தப் புள்ளிக்குப் போகிறது. அவன் மூச்சு அவள் முகத்தில் படுகிறது, வெதுவெதுப்பாக. இருந்தும் அவளுக்குப் பயம் வருகிறது. கை கதவைத் தேடுகிறது.

கிளமென்ட் அதைக் கவனிக்காமல் இல்லை.

“கண்ண மூடிக்கிட்டேன்,” என்கிறான். “இப்ப பக்கத்துல வா.”