குண்டு கண்ட்ரோலர்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி, அக்காவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. காயம் ஆறி இரண்டு மாதமாகிறது. அவள் மட்டும் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் வராது.

முன்பெல்லாம் வீடியோ கேமில் கார் ஓட்டினால், தெருவிலேயே அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. "வாண்டு, வந்து தோத்துட்டுப் போடா!" என்று தம்பியை வம்புக்கு இழுப்பாள். போன வாரம் அவன் கண்ட்ரோலரை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

இப்படியே இருந்துவிடுவாளோ?

வாண்டு தன் வலது கையின் அதே இரண்டு விரல்களை மடக்கி, டேப்பால் இறுக்கச் சுற்றிக்கொண்டான். தெருமுனை கேம் ரிப்பேர் கடைக்கு ஓடினான்.

"மாமா, இருக்கற கண்ட்ரோலரை எல்லாம் பிடிச்சுப் பாக்கணும்."

கடைக்கார மாமா டேப்பைப் பார்த்தார். மூன்றை எடுத்து வைத்து, கடை டிவியில் கார் ஆட்டத்தைப் போட்டுவிட்டார்.

முதலாவது புத்தம் புதுசு, வழவழவென்று மின்னியது. வேகத்துக்கான பொத்தான் முன்விளிம்பில், ஆள்காட்டி விரலுக்கென்றே இருந்தது. அந்த விரல் இல்லாதவர்கள் என்ன செய்வார்களாம்? போதாக்குறைக்குக் கையை விட்டு வழுக்கியது.

இரண்டாவது சின்னது. ஐந்தே நிமிடத்தில் சுண்டுவிரல் வலித்தது.

மூன்றாவது பழசு, பழுப்பேறிய குண்டு. ஆனால் அதன் நீளப் பிடியை மோதிர விரலும் சுண்டுவிரலுமே கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வேகப் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது.

"இதுதான் மாமா!"

"புதுசை விட்டுட்டு இந்தக் குண்டனையா? சரி, இரு. உங்க வீட்டு கேம் பெட்டிக்குச் சேர்ற மாதிரி வயரை மாத்தித் தரேன். ஆடிட்டுக் கொண்டா."

வீட்டில் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது வேறக்கா. கட்டைவிரல் போதும். நானே ஓட்டிப் பாத்தேன்."

"பத்து விரலும் இருக்கிறவனுக்கு என்னடா தெரியும்?" என்று சீறித் திரும்பியவள், அவன் கையைப் பார்த்தாள். டேப்பைப் பிரிக்க மறந்திருந்தான். விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

"அறிவு இருக்கா உனக்கு? குடு இங்க!"

இடது கையால் மட்டும் டேப்பைப் பிரிக்க முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வாண்டு அந்தக் கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. டேப் பிரிந்ததும், குண்டு கண்ட்ரோலரை அந்தக் கையிலேயே வைத்தான்.

முதல் ஆட்டத்தில் அக்காவின் கார் சுவரில் மோதியது. இரண்டாவதிலும் மோதியது. அவள் கண்ணில் நீர் முட்டியது. பாவம் என்று, மூன்றாவதில் வாண்டு கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.

"வேணும்னே விட்டுக் குடுக்கறியா? தோலை உரிச்சிடுவேன்! ஒழுங்கா ஓட்டு!"

ஒழுங்காக ஓட்டினான். அக்கா தோற்றாள், ஆனால் மயிரிழையில்தான்.

அடுப்படியிலிருந்து அம்மா வழக்கம்போல் குரல் கொடுத்தாள். "சாப்பிட வாங்க!"

"இரும்மா! இவனை ஒரு தடவையாவது ஜெயிச்சுட்டு வரேன்!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா இரண்டாவது முறை கூப்பிடவே இல்லை.