முப்பதடிக்குள் அப்பா

போன் அடித்தது.

நேர்காணல் அறைக்கு வெளியே, மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள் அந்த இன்ஜினியர். தெரியாத நம்பர். கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற குரல்.

"உங்கப்பா எங்ககிட்ட இருக்கார். உள்ள போனீங்க... அவரை முழுசாப் பார்க்க மாட்டீங்க."

கட்.



உள்ளே அரசாங்கக் குழு. சின்னக் கம்பெனிகளின் மருத்துவக் கண்டுபிடிப்புகளுக்கு ஆராய்ச்சி மானியம் தருகிற குழு. அவளுடையது, மார்பில் ஒட்டினால் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் பட்டை. அதை ஒட்டிக்கொண்டு குழுவின் முன் உட்கார வேண்டியவர் அப்பா. அவரைக் காரில் அழைத்து வர வேண்டியவன் கணவன். கம்பெனியின் கணக்கு வழக்கெல்லாம் அவன்தான்.

அவனைக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே அழுதான். தண்ணீர் வாங்கக் காரை நிறுத்தினானாம். திரும்பினால் மாமாவைக் காணோமாம். தெருத் தெருவாகத் தேடுகிறானாம்.

"நீ உள்ள போகாத. மானியம் இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. மாமா உயிரு திரும்ப வருமா?"

எழுந்தாள். லேப்டாப்பை மூடப் போனவள்...

நின்றாள்.

திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வீட்டிலேயே அவள் ஒட்டிவிட்ட பட்டை அனுப்பும் அப்பாவின் துடிப்பு. நிமிஷத்துக்கு எழுபது.

கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே நூற்றிருபதைத் தொடுகிற மனுஷர்!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், எங்கப்பாவைக் கடத்திட்டாங்க. அவரோட இதயம் இதோ ஓடுது."

குழுத் தலைவர் ரிட்டயரான இதய டாக்டர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அங்கே இருப்பவரின் துடிப்பு இங்கே எப்படி வருகிறது என்று கேட்டார்.

"பட்டைக்கு முப்பதடிக்குள்ள எங்க ஆப் உள்ள போன் இருக்கணும் சார். அதுதான் இங்க அனுப்பும். அந்த ஆப் ரெண்டே போன்லதான் இருக்கு. ஒண்ணு அப்பாவோடது. டெமோவுக்காக என் பையில வச்சிருக்கேன்."

"இன்னொண்ணு?"



"என் வீட்டுக்காரரோடது."

தலைவர் போலீசுக்குப் போன் போட்டார். பிறகு அவளிடம் சொன்னார்.

"போயிட்டு வாங்கம்மா. மத்ததை நாளைக்குக் கேட்டுக்கறோம். வேலை செய்யுதான்னு மட்டும் கேட்க மாட்டோம்."

போலீஸ் ஜீப்பில் வழியெல்லாம் அவள் பச்சைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு எகிறினால் அப்பாவுக்கு ஆபத்து. எகிறாவிட்டால்... கணவன்தான் என்பது நிச்சயம்.

எகிறவில்லை.

கணவனின் போன் சிக்னல் ஒரு பிளாட்டில் போய் நின்றது. அவன் நண்பனுடைய பிளாட். மிரட்டியதும் அந்த நண்பன்தான். மானியம் கிடைக்காவிட்டால் கம்பெனியை அடிமாட்டு விலைக்கு அள்ள ஒரு பெரிய நிறுவனம் காத்திருந்தது. கணவனுக்கு அங்கே டைரக்டர் நாற்காலி. மாமாவின் போன் மனைவியிடம் இருக்கிறது, பட்டை ஊமை என்று நினைத்துவிட்டான். சோதனைக்காகத் தன் போனிலும் அவள் ஆப்பை ஏற்றியது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

நண்பன் கதவைத் திறந்தான்.

கேரம் போர்டுக்கு அந்தப் பக்கம் கணவன், சுண்ணாம்பாக வெளுத்து. இந்தப் பக்கம் அப்பா. மகள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். உங்களைக் கடத்தியிருக்கிறார்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா ஸ்ட்ரைக்கரிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"கடத்துனாங்களா? என்னையா? நேர்காணல் தள்ளிப்போச்சுன்னுல்ல சொன்னாரு... சரி, கொஞ்சம் இருங்க சார். மாப்பிள்ளை இப்பத்தான் தோத்துக்கிட்டு இருக்காரு."