மழை வாரத்தில் ஒரு மாத்திரை டப்பா

2008 நவம்பர். வியாழன், காலை ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை முடிச்சூரை விடவேயில்லை. வெந்நீரோடு வந்த பக்கத்து வீட்டு சித்திகா, நாற்காலியில் சாய்ந்திருந்த ஏசுதாசனைத் தொட்டாள். சில்லென்றிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"பிரஷர் எகிறி மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. தினம் டெல்மிசார்டன் மாத்திரை போடறவருக்கு இப்படியா?" என்றார் டாக்டர்.

ஏசுதாசனின் அக்காள் மகன் ஃபிரெடி, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் அதைப் பிடித்துக்கொண்டான். மனை புரோக்கர். மாமாவின் நிலத்தை பிளாட் போடச் சொல்லி நச்சரித்தவன், அவர் மசியவில்லை.

"மாமாவுக்குக் கை நடுங்கும், மேடம். ஞாயிறு சர்ச் முடிஞ்சு வந்து, ஒரு வாரத்து மாத்திரையை நான்தான் அட்டையிலேர்ந்து பிரிச்சு டப்பாவில போடுவேன். காலையில குடுக்கிறது இந்தம்மா. குடுத்தாங்களோ, குப்பையில போட்டாங்களோ!"

"அல்லா சாட்சி! அண்ணன் முழுங்கினப்புறம்தான் டம்ளரையே வாங்குவேன்," என்றாள் சித்திகா. வாசலில் நின்றவர்கள் அவளை நம்பவில்லை. ஒரு உயிர் போன பழி, கண்ணுகளா, லேசானதா?

இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி சமையலறையை எட்டிப் பார்த்தார். உப்பு ஜாடியில் நீர் கோத்திருந்தது. பிஸ்கட் துவண்டிருந்தது. மாத்திரை டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளே மிச்சமிருந்த மாத்திரையை நகத்தால் கீறினார். கல் மாதிரி கெட்டி.

"ஃபிரெடி, நீங்க போட்டது இதுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தான். "இதேதான். சத்தியமா."

"வேற யாரும் மாத்தலையே?"

"சேச்சே. நான் போட்டபடியே கீது மேடம்."

"எனக்கும் பிரஷர்தான், தம்பி. இதே டெல்மிசார்டன்தான். அட்டையை விட்டு எடுத்தா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். போன மழைக்குப் பையில உதிரியா வச்சேன், பிசுபிசுன்னு இளகிப்போச்சு. டாக்டர் திட்டின திட்டு! உப்பே கரையற வீட்டுல, ஞாயித்துக்கிழமை பிரிச்ச மாத்திரை கல்லாட்டம் இருக்குமா? நீங்க போட்டது வேற என்னவோ. எத்தனை வாரமாங்கிறதை நீங்களே சொல்லிடுங்க."

ஃபிரெடி வாசலைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள் நின்றார்.

"ஒரு கையெழுத்து, மேடம்... ஒரே ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம் மாமா," என்றான்.

"சித்திகா, உங்க மேல தப்பில்லை. வீட்டுக்குப் போங்கம்மா."

அவள் அசையவில்லை.

"பிஸ்மில்லா சொல்லித்தானே மேடம் தினமும் குடுத்தேன்... என் கையாலேயே குடுக்க வச்சிட்டானே."