வாய்க்கால் மண்

ஒரு வாளித் தண்ணீர். அதுவும் பட்டு அவித்து, ஆறி, நாறிப்போன சோப்புத் தண்ணீர்... வீசி ஊற்றிய பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி குந்தியிருப்பாள் என்று சிட்டிபாபு கனவா கண்டான்?

"ஏம்பா, கண்ணு தெரியலையா?"

நனைந்த துப்பட்டாவோடு எழுந்து நின்றாள். ஐயோ, அந்தக் கண்கள்! கோபத்திலும் சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள்... பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரன் காலி வாளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"சாக்கடையாண்ட என்னாங்க பண்றீங்க?"

"மண்ணு எடுக்க வந்தேன். பேரு சுகாசினி, காலேஜ்ல ரிசர்ச் பண்றேன். பட்டுல இருக்கிற பசைய சோப்பு போட்டு அவிச்சுத்தானே எடுக்கறீங்க? அந்தப் பசையத் தின்னுற பாக்டீரியா இந்த வாய்க்கால்லதான் இருக்கணும். அதோட என்சைம் கிடைச்சா இவ்ளோ அவிக்கவே வேணாம்." பாட்டிலையும் கரண்டியையும் நீட்டினாள். "தண்ணி ஊத்தினதுக்குத் தண்டனை... நீங்களே அள்ளிக் குடுங்க."

அதற்குள் போன் வர, தெருப்பக்கம் போய்விட்டாள்.

சிட்டிபாபு குனிந்தான். குப்பென்று நாற்றம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைக் கண்டு மூக்கைப் பிடித்தார்களே, அதே நாற்றம்... இதையா அவள் கையில் கொடுப்பது? மானம் போய்விடாதா? மல்லிகைச் செடியடி மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடிக் கொடுத்துவிட்டான்.

அப்புறம் தினமும் அவன் கண் பின்சுவர் மேல்தான்...

ஒரு மழைநாளில் வந்தாள். கண்ணில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பட்டுப் பசை கலந்த தட்டுல உங்க மண்ண விட்டுப் பாத்தேன். பாக்டீரியா பசையத் தின்னா சுத்தி வட்டம் தெரியும். ஒரு வட்டமும் இல்ல. சார் வேற தலைப்பு பாக்கச் சொல்லிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் வேலையில்ல."

வாயைத் திறக்காவிட்டால் மானம் பிழைக்கும். ஆனால் அவள் போய்விடுவாள்... காதுமடல் வரை சுட்டது.

"அது... வாய்க்கா மண்ணு இல்லீங்க. மல்லிச்செடி மண்ணு. நாந்தான் மாத்திட்டேன்."

"என்னாது! நான் ராப்பகலா உக்காந்து பாத்தது மல்லிச்செடி மண்ணா? ஏன்?"

"நாறுதுங்க." தலை நிமிரவே இல்லை. "மனசுக்குப் புடிச்சவங்க கையில நாத்தத்தக் குடுக்க... வெக்கமா இருந்துச்சு."

திட்டப்போகிறாள் என்று கூனிக் குறுகி நின்றான்.

"அன்னிக்கு ஒரு வாளி என் மேல ஊத்தினியே... நான் மூக்கப் புடிச்சேனா?"

இல்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பையிலிருந்து புது பாட்டிலை எடுத்துத் திறந்தாள். "அள்ளு."

அள்ளினான். சாயக்கறை விரலெல்லாம் சேறு. பாட்டிலை வாங்கும் சாக்கில் அந்த விரலையும் பிடித்துக்கொண்டாள்...

"கை நாறுங்க..."

"நாறட்டும். எனக்கும் உன்னப் புடிச்சிருக்குது. ஆனா இனிமே எங்கிட்ட எதையாச்சும் மாத்திக் குடுத்தே... கொன்னுடுவேன்!"