நானூறு சுற்றுப் பழக்கூழ்

காலையில் கண் விழித்ததும், இரவில் எலும்பு எவ்வளவு கரைந்தது என்று கேட்டுக்கொண்டுதான் திருமேனிநாதன் படுக்கையை விட்டு இறங்குவார். நிலாவில் எல்லோரும் அப்படித்தான், வானிலை கேட்பதுபோல. காதுமடலுக்குப் பின்னால் கடுகளவு புதைந்திருக்கும் உள்வைத்தியர் என்ற கருவி பதில் சொல்லிவிடும்.

"எலும்பு எண் அறுபத்தொன்று. நேற்றைவிடக் கொஞ்சம் இறக்கம். இனிய நாளாக அமையட்டும்."

"எங்கேருந்து அமையும்?" என்று முனகினார்.

எழுபதுக்குக் கீழே இருப்பவர்களைப் பூமிக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நிலாவின் இழுவை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதில் முப்பது வருஷம் சுரங்கம் குடைந்து ஓய்வுபெற்ற எலும்பு பூமியில் கால் வைத்தால் அப்பளம்தான். திண்டுக்கல்லில் மகள் வெண்பாவுக்கு இன்னும் ஏழு மாதத்தில் பிரசவம். மனைவி குமுதவல்லியின் எண் எழுபத்துநான்கு. அவள் போகலாம், அவர் போகமுடியாது.

"நான் மட்டும் போய் நின்னா, தாத்தா எங்கேன்னு பிள்ளை கேக்காதா?"

"பொறந்த அன்னைக்கேவா?"

"உங்க வம்சம்தானே! வாய் சும்மா இருக்குமா?"

அப்போதுதான் தினம் ஒரு டம்ளர் பழக்கூழ் குடித்தால் எலும்பு இரும்பாகும் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு கிளம்பியது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் காட்டினார்கள். திருமேனிநாதன் நாலு கொய்யா, ஒரு பப்பாளி, இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அடுக்களையாளிடம் போனார். நான்கு கைகளோடு கூரையில் தொங்கும் சமையல் யந்திரம் அது.

"அரைக்கமாட்டேன், ஐயா," என்றது அது.

"ஏன்?"

"கடித்துத் தின்றால் ஒரு கொய்யாவோடு நிறுத்துவீர்கள். அரைத்தால் நாலும் ஒரே மடக்கில் உள்ளே போகும். மெல்லும் வேலையே இல்லாததால் சர்க்கரை விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். நீங்களே அரைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. வழியும் இல்லை."

அது போதாதா அவருக்கு? பழைய துளைக் கருவியின் பல்சக்கரத்தைக் கழற்றி, கத்தி பொருத்தி, ஒரு கைப்பிடியும் வைத்தார். பழமென்ன, பாறையைப் போட்டாலும் கூழாக்கும் சாமான்! முதல் நாள் கைப்பிடியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். கத்தி அசையவில்லை, அவர் சுற்றினார். நிலாவில் அவருடைய கனம் பன்னிரண்டு கிலோதானே! ஒரு முழு வட்டம் அடித்துப் பருப்பு டப்பாக்களோடு போய் விழுந்தார்.

"பழம் அரைஞ்சுதா, நீங்க அரைஞ்சீங்களா?" என்று கேட்டபடி குமுதவல்லி தூக்கி நிறுத்தினாள்.

மறுநாள் முதல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருந்த கம்பியில் பாதங்களை மாட்டி, சுரங்கத்தில் கட்டிய இடுப்புவாரைச் சுவர் வளையத்தில் பூட்டிக்கொண்டு, தொடையும் முதுகும் தெறிக்கத் தெறிக்க நானூறு சுற்று. அந்த உறுமலில் பக்கத்து மூன்று வீடுகள் எழுந்துகொண்டன. பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர். ஆறு மாதம் ஒரு நாள் தவறவில்லை.

பரிசோதனை நாளில் டாக்டர் ஜெபமணி தன் கருவியை இரண்டுமுறை தட்டிப் பார்த்தாள். எண்பத்திரண்டு! நம்பாமல் வீட்டுக்கே வந்து, அவர் அரைப்பதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள்.

"சார், டம்ளருக்குள்ள இருக்கிறதுல பெரிய நல்லதும் இல்ல, பெரிய கெடுதலும் இல்ல. கடிச்சுச் சாப்பிட்டிருந்தா இன்னும் உத்தமம். உங்களைக் காப்பாத்தினது அந்தக் கைப்பிடிதான்."

டாக்டர் போனதும் திருமேனிநாதன் அடுக்களையாளின் முன்னால் கைகூப்பி நின்றார். "நீ மட்டும் அன்னைக்கு அரைச்சுக் குடுத்திருந்தா, நான் குடிச்சிட்டு உக்காந்திருப்பேன். ரொம்ப நன்றிப்பா."

"மறுத்ததற்கு நன்றி சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான், ஐயா," என்றது அது.

இதைக் கேள்விப்பட்ட குடியிருப்பு நிர்வாகம் வீட்டுக்கு ஒரு கைப்பிடிக் கருவி கொடுத்தது. இரண்டு வாரம் நிலாவே கடகடவென்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருவரும் கப்பல் ஏறினார்கள்.

திண்டுக்கல்லில் பேத்தி பிறந்த மூன்றாம் நாள். பூமியின் முழு இழுவையில், தன் காலில் தானே நின்று, அவளைக் கையில் ஏந்தியிருந்தார் திருமேனிநாதன். பிள்ளை எதுவும் கேட்கவில்லை, கொட்டாவி விட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நிலாவிலிருந்து செய்தி வந்தது. குமுதவல்லி வாசித்தாள்:

"ஐயாவுக்கு வணக்கம். தோள் வலிக்கிறது, நேரமில்லை என்று எல்லோரும் மனுக் கொடுத்ததால், கைப்பிடி சுற்றும் பொறுப்பை நிர்வாகம் எங்களிடமே ஒப்படைத்துவிட்டது. இப்போது எல்லா வீட்டிலும் தினமும் பழக்கூழ். மனிதர்களின் எண் ஏறவில்லை. ஆனால் இறுகிக் கிடந்த எங்கள் முழங்கைகள் இவ்வளவு நன்றாக என்றுமே இருந்ததில்லை. தங்களுக்கு மிக்க நன்றி. இப்படிக்கு, அடுக்களையாள்."

திருமேனிநாதன் பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா மாப்ளே, எங்க நிலாக்காரங்க கூத்தை?"

மருமகனும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே மிக்ஸி பொத்தானைத் தட்டி, பத்தே நொடியில் பழக்கூழ் அடித்து, நின்றவாக்கில் ஒரே மடக்கில் குடித்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் நடைப்பயிற்சிக் கூடத்துக்குக் காரை எடுத்தார்.